ஃபார்ம்ல ஃபில் பண்ணிட்டா உயில் ஆயிடுமா?

தை மாசம் சம்பா அறுப்பு முடிஞ்ச கையோட திருவையாறு பக்கத்துலேருந்து ஒரு பெரியவர் வந்தாரு, கையில நாலு பக்கம் கலர் பிரிண்ட் அவுட். "தம்பி, உயில் எழுதியாச்சு, நீ ரிஜிஸ்டர் மட்டும் பண்ணிக் குடுத்துடு"ன்னாரு. சிங்கப்பூர்ல இருக்கற பையன் ஆன்லைன் எடிட்டர்ல ஒரு ஃபார்ம் ரெடி பண்ணி வாட்ஸப்ல லிங்க் அனுப்பிருக்கான், பேரன் உக்காந்து டைப் பண்ணிருக்கான், பெரியவர் போன் ஸ்க்ரீன்ல விரலால கோடு இழுத்து கையெழுத்து போட்டுருக்காரு. சாட்சி ரெண்டு பேரும் அவங்கவங்க வீட்லேருந்தே அதே லிங்க்ல விரலால இழுத்துருக்காங்க.

ஐயா, இது உயில் இல்லன்னு சொன்னதும் அவருக்கு முகமே வாடிப் போச்சு. ஆனா வேற வழியில்ல. தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000, அதோட முதல் அட்டவணையிலேயே உயிலுக்கு இந்தச் சட்டம் பொருந்தாதுன்னு போட்டுருக்கு, அதனால இ-சைன் உயிலுக்கு உதவாது. 1925 இந்திய வாரிசுரிமைச் சட்டம் 63ஆம் பிரிவு கேக்கறது இதான்: எழுதி வைக்கிறவர் கையெழுத்தோ கைநாட்டோ வைக்கணும், அவர் போடறத சாட்சிங்க பாத்துருக்கணும், இல்லன்னா "நான் போட்டதுதான்"னு அவர் வாயால கேட்டுருக்கணும், அப்புறம் சாட்சி ஒவ்வொருத்தரும் அவர் கண்ணு முன்னாடி கையெழுத்து போடணும், குறைஞ்சது ரெண்டு பேரு. அதுக்கு பேப்பரும் பேனாவும்தான்.

அப்ப ஆன்லைன் எடிட்டரே வேண்டாமான்னா, அப்படி இல்ல. நானே வச்சிருக்கேன். வர்றவங்க பாதி விவரத்த வீட்ல மறந்துட்டு வந்து மூணு தடவ பஸ்ஸுக்கு செலவு பண்றாங்களேன்னு கூகுள் டாக்ஸ்ல ஒரு ஃபார்ம் போட்டு வச்சேன், யாருக்கு வேணுமோ அவங்களுக்கு தனியா ஒரு காப்பி எடுத்து அவங்க மெயிலுக்கு மட்டும் பெர்மிஷன். லிங்க் இருந்தா யாரு வேணா பாக்கலாம்னு வச்சுட்டா ஆதார் நம்பர்லேருந்து எந்த மகளுக்கு எவ்ளோங்கறது வரைக்கும் ஊருக்கே தெரிஞ்சுடும், தீபாவளிக்கு வீட்ல சண்டைதான்.

ஃபார்ம் போடறதுல நான் தப்பு பண்ணித்தான் கத்துக்கிட்டேன். முதல்ல பிடிஎஃப்ல பெட்டி பெட்டியா போட்டேன். அந்தப் பெட்டிக்கு அளவு உண்டுங்க, அதுக்கு மேல டைப் பண்ணா ஸ்க்ரீன்ல தள்ளித் தள்ளிப் படிக்கலாம், பிரிண்ட்ல வராது. ஒருத்தருக்கு சர்வே நம்பர் 112/3பின்னு போட்டது பிரிண்ட்ல 112/3ன்னு நின்னுடுச்சு, வெறும் 112/3ன்னா 3ஏயும் அதுல சேந்துடும், அது அவரு தம்பியோட நிலம்! கையெழுத்து போடறதுக்கு முன்னாடி வாய்விட்டுப் படிச்சதால தப்பிச்சோம். தமிழ் எழுத்தும் அந்தப் பெட்டிக்குள்ள கொம்பு ஒரு பக்கம் கால் ஒரு பக்கம்னு சிதறிடும், வானவில், பாமினின்னு பழைய ஃபான்ட்ல அடிச்சத ஒட்டினா சொல்லவே வேண்டாம். இப்ப எல்லாம் யூனிகோட், பெட்டிக்கு பதிலா எழுத எழுத நீளற டேபிள்.

அப்புறம் டிராப்டவுன். உறவுமுறைக்கு மகன், மகள், மனைவின்னு வரிசையா வச்சிருந்தேன், முதல்ல மகன் இருந்ததால யாரும் தொடலன்னா மகன்னே நின்னுடும். மருமகள் பேருக்கு நேரா மகன்னு ரெண்டு தடவ வந்துச்சு. இப்ப முதல்ல இருக்கறது "தேர்வு செய்யவும்". தேதியையும் தானா மாறுற மாதிரி வைக்காதீங்க, வேர்ட்ல ஒரு டிக் விழுந்துட்டா ஃபைல எப்ப திறந்தாலும் அன்னைய தேதிய காட்டும். தேதிக்கு வெறும் கோடு போட்டு விட்டுட்டு கையெழுத்து போடற அன்னிக்கு பேனாவால எழுதுங்க.

சொத்து விவரம் எழுதற தபசில் பகுதிதான் நம்ம டெல்டால தலைவலி. அப்பா "மூணு மா"ன்னு சொல்லுவாரு, வெளிநாட்டுல இருக்கற பையன் மூணு ஏக்கர்னு அடிப்பான், கிட்டத்தட்ட மூணு மா சேந்தாத்தான் ஒரு ஏக்கர். பட்டாவுல ஹெக்டேர் ஏர்ஸ்னு இருக்கும். அதனால பட்டா, தாய்ப்பத்திரம் ரெண்டையும் பக்கத்துல வச்சுக்கிட்டு சர்வே நம்பர், உட்பிரிவு, நாலு எல்லையோட டைப் பண்ணுங்க. கோயில் நிலத்துல குத்தகை, கோயில் அடிமனையில வீடு, இத "என் சொத்து"ங்கற பெட்டியில போடறவங்க நிறைய. நிலம் சாமியோடது, அத நீங்க எழுதிக் குடுக்க முடியாது. அதுக்கு என் ஃபார்ம்ல தனி இடம் வச்சுட்டேன். முஸ்லிம் குடும்பங்களுக்கு இந்த ஃபார்மே குடுக்கறதில்ல, அவங்க சட்டத்துல பொதுவா மூணுல ஒரு பங்குக்கு மேல உயில் எழுதணும்னா வாரிசுங்க சம்மதம் வேணும், அது வேற கணக்கு.

நிரப்பி முடிச்சதும் பிரிண்ட் எடுத்து படிச்சுக் காட்டணும், படிக்கத் தெரிஞ்சவருக்கும்தான். அதுக்கப்புறம் பேனாவால திருத்தினா திருத்தின இடத்துக்குப் பக்கத்துல அவரும் சாட்சிங்களும் கையெழுத்து போடணும், ஒரு பக்கத்த மட்டும் திரும்ப பிரிண்ட் எடுத்து நடுவுல சொருகுற வேலையே கூடாது. முத்திரைத்தாள் வேண்டாம், வெள்ளைத்தாள் போதும். ரிஜிஸ்டர் பண்றதும் கட்டாயமில்ல, ஆனா நான் பண்ணச் சொல்லுவேன். பதிஞ்சுட்டதாலயே எல்லாம் முடிஞ்சதுன்னும் இல்ல, நாளைக்கு கேஸ்னு வந்தா உயிரோட இருக்கற சாட்சியில ஒருத்தராவது கோர்ட்டுல ஏறி சொல்லணும். அதனால எண்பது வயசுக்காரர் எழுபத்தெட்டு வயசு கூட்டாளிய சாட்சிக்கு கூட்டிட்டு வந்தா நான் திருப்பி அனுப்பிடுவேன். உயில்ல சொத்து கிடைக்கப் போறவரும் சாட்சி போட வேண்டாம்.

பெரியவர் அடுத்த வாரம் வந்தாரு, பால் சொசைட்டில வேல பாக்கற பையன் ஒருத்தன், பக்கத்து வீட்டு டீச்சர்னு ரெண்டு பேர கூட்டிக்கிட்டு. சிங்கப்பூர் பையன் போட்ட ஃபார்ம்ல விவரமெல்லாம் சுத்தமாத்தான் இருந்துச்சு, அதையே எடுத்து தபசில மட்டும் சரி பண்ணினேன். என் ஃபார்ம்ல கடைசியா "வேற ஏதாவது"ன்னு ஒரு வரி உண்டு, சொல்லாம விட்டதெல்லாம் யாருக்குன்னு எழுத. அத படிச்சுக் காட்டினப்ப கொஞ்ச நேரம் யோசிச்சாரு. "தம்பி, போர்செட்டு பெரியவன் பங்குல வருது சரி, சின்னவன் வயலுக்கு தண்ணி?" பிரிண்ட்ட கிழிச்சுப் போட்டுட்டு ஃபைல திரும்ப திறந்தேன்.