மூளையின் ஆழத்தில் கட்டி: எந்த வழியாகப் போகிறோம்?

ஸ்கேன் ரிப்போர்ட்டில் தலமஸ் (மூளை நடுவிலுள்ள செய்திச் சந்திப்பு), பீனியல் (அதற்குப் பின்னால் உள்ள சிறு சுரப்பி), மூன்றாம் வென்ட்ரிக்கிள் (மூளை நடுவிலுள்ள நீரறை) என்று ஏதாவது ஒரு சொல் வந்து, கூடவே ‘கட்டி’ என்றும் சொல்லிவிட்டால் வீடே ஒடுங்கிப்போகிறது. “ரொம்ப ஆழத்துல இருக்காம், கை வைக்க முடியாதாம்” என்ற பேச்சு, நோயாளி பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரிக்கு வந்து சேருமுன்பே ஊருக்குள் பரவிவிடும். மூளையின் மேற்பரப்பிலிருந்து அந்த இடங்களுக்கு ஐந்தாறு சென்டிமீட்டர் தூரம்தான். அந்தத் தூரத்துக்குள் பேச்சு, கை கால் அசைவு, நினைவு, பார்வை ஆகியவற்றில் எது குறுக்கே வருகிறது என்பதில்தான் மொத்தக் கணக்கும் இருக்கிறது. அதே அளவுக் கட்டி ஒரு விரல் தள்ளி இருந்தால் போகும் வழி அடியோடு மாறும்.

இந்த இடங்களில் கட்டியை முந்திக்கொண்டு உயிரை மிரட்டுவது நீர். மூளைக்குள் நாளொன்றுக்குச் சுமார் 500 மில்லி நீர் ஊறுகிறது. எந்த நேரத்திலும் உள்ளே நிற்பது 150 மில்லி அளவே, மற்றது வடிந்து இரத்தத்தில் கலந்துகொண்டே இருக்கும். மூன்றாம் வென்ட்ரிக்கிளிலிருந்து நான்காவதற்கு அது இறங்கும் வாய்க்காலின் அகலம் 1 முதல் 2 மில்லிமீட்டர். பீனியல் பகுதியில் நெல்லிக்காய் அளவுக் கட்டி வந்தாலே அந்த மடை அடைபடும். காலையில் கண் விழிக்கும்போதே மண்டையிடி, வாந்தி எடுத்தால் கொஞ்சம் இதம், குனிந்தால் கண் இருட்டிக்கொண்டு வருவது, ஒன்று இரண்டாகத் தெரிவது, கண்ணை மேலே உயர்த்த முடியாமல் பிள்ளை நாடியைத் தூக்கிப் பார்ப்பது எல்லாம் நீர் தேங்குவதன் அடையாளங்கள். “தலையில நீர் கோத்திருக்கு” என்று நெற்றியில் நீர்க்கோவை மாத்திரையை உரசிப் பற்றுப் போட்டே வாரங்கள் கழிந்துவிடுகின்றன. முக்கூடல், ஆலங்குளம் பக்கம் பீடி சுற்றும் பெண்கள், குனிந்தே உட்கார்ந்திருப்பதால் வரும் வலி என்று தள்ளிப்போடுகிறார்கள். கழுத்துச் சதை இறுக்கத்தால் வரும் வலி பெரும்பாலும் வேலை ஏற ஏறச் சாயங்காலம்தான் கூடும். விடியற்காலையில் வாந்தியோடு எழுப்பாது.

ஆகவே பல நேரங்களில் முதல் அறுவை நீருக்குத்தான். நெற்றிக்கு மேலே மண்டையோட்டில் ஒரு துளை, அதன் வழியே பேனா பருமனில் எண்டோஸ்கோப் (கேமரா பொருத்திய குழல்), மூன்றாம் வென்ட்ரிக்கிளின் தரையில் ஒரு சிறு திறப்பு. மடை அடைபட்ட குளத்துக்கு மறுகால் வெட்டிவிடுவது போன்ற ஏற்பாடு. தரைக்குச் சற்றுக் கீழேயே மூளைத்தண்டுக்கு இரத்தம் கொடுக்கும் பேசிலார் தமனி ஓடுவதால் திறக்கும் இடம் மில்லிமீட்டர் கணக்கில் சரியாக இருக்க வேண்டும். அதே சமயத்தில் கட்டியிலிருந்து துணுக்குச் சதையும் எடுத்துவிடலாம். இப்படி நீர் தேங்கி நிற்கும்போது முதுகுத் தண்டில் ஊசி போட்டு நீர் எடுக்கவே கூடாது. கீழே அழுத்தம் குறைந்தால் மேலே உள்ள மூளை பிடரித் துவாரத்துக்குள் இறங்கி மூச்சு நின்றுவிடும்.

இளவயதுப் பையன்களுக்குப் பீனியல் கட்டி என்றால், மண்டையைத் திறக்கும் பேச்சுக்கு முன் கட்டியின் வகையை அறிய உதவும் ஆல்ஃபா ஃபீட்டோ புரோட்டீன், பீட்டா எச்.சி.ஜி. என்ற இரண்டு இரத்தப் பரிசோதனைகளைப் பார்த்தாக வேண்டும். ஜெர்மினோமா என்ற வகை கதிர்வீச்சிலேயே கரையக்கூடியது. அதற்குப் பெரிய அறுவை செய்து பிள்ளையின் பார்வையைப் பணயம் வைப்பது வீண். கட்டியை எடுத்தே ஆக வேண்டிய வகை என்றால், சிறுமூளைக்கு மேலாகப் பின்பக்கமிருந்து போகும் வழி உண்டு. நோயாளியை உட்காரவைத்துச் செய்தால் சிறுமூளை தானாகத் தாழ்ந்து வழிவிடும். ஆனால் தலை இதயத்துக்கு மேலே இருப்பதால் திறந்த சிரைக்குள் காற்று உறிஞ்சப்படலாம். மூச்சில் வெளிவரும் கார்பன் டை ஆக்ஸைடு சட்டென்று இறங்குவதை வைத்து மயக்க மருத்துவர் இதைப் பிடிப்பார். உடனே அந்த இடத்தைச் சலைனால் (உப்பு நீரால்) நிரப்பித் தலையைத் தாழ்த்துவார்கள். இந்தப் பயத்தால் குப்புறப் படுக்கவைத்தே செய்யும் குழுக்களும் உண்டு, அதில் தவறில்லை.

மூன்றாம் வென்ட்ரிக்கிளின் முன்பகுதியில் வரும் கொலாய்டு சிஸ்டுக்கு (கூழ் நிரம்பிய பை போன்ற கட்டிக்கு), இரண்டு மூளை அரைக்கோளங்களுக்கும் நடுவே உள்ள இடைவெளியில் இறங்கி, அவற்றை இணைக்கும் நார்ப்பாலத்தில் சுமார் 2 சென்டிமீட்டர் திறந்து போகலாம். மூளைச் சதையைக் குடைய வேண்டியதில்லை என்பது இதன் பெரிய லாபம். இதில் கெட்டுப்போவது பெரும்பாலும் இரண்டு இடங்களில். நடுக்கோட்டுக்கு வந்து சேரும் சிரை ஒன்று அறுந்தால், மறுநாள் எதிர்ப்பக்கக் கால் விளங்காமல் போகலாம். எனவே எங்கே திறப்பது என்பதைச் சிரைகளின் படம் பார்த்தே முடிவு செய்ய வேண்டும். உள்ளே ஃபார்னிக்ஸ் என்ற நார்க்கற்றை அடிபட்டால் புதிய நினைவு தங்காது. அரைக்கோளத்தைத் துளைத்தே போகும் வழியில் பின்னாளில் வலிப்பு வரும் வாய்ப்பு கூடுதல்.

மூளையின் அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பியில் வரும் கட்டிகளில் பெரும்பாலானவற்றுக்கு மூக்கு வழியே போதும். அங்கே தொல்லை, மூளைநீர் மூக்கில் ஒழுகுவது. தொடைக் கொழுப்பும் மூக்கின் நடுத்தண்டுச் சவ்வும் வைத்து அடைப்பார்கள். அறுவைக்குப் பின் மூக்கைச் சிந்தக் கூடாது, முக்கக் கூடாது. குனிந்தால் தண்ணீர் போலச் சொட்டினால் சளி என்று விடாமல் சொல்லிவிட வேண்டும். சிறுநீர் அளவு மளமளவென்று ஏறினால் இரத்தத்தில் சோடியம் பார்க்க வேண்டும்.

தலமஸ் கட்டிதான் உண்மையிலேயே கடினம். கை கால் நரம்புக்கற்றை கட்டிக்கு முன்னே ஒதுங்கியிருக்கிறதா, பின்னேயா, வெளிப்புறமா என்று நார்த்தடங்களைக் காட்டும் எம்.ஆர்.ஐ. பார்த்து, கற்றை இல்லாத பக்கத்திலிருந்து நுழைய வேண்டும். கருவியின் முனை எங்கே இருக்கிறது என்று திரையில் காட்டும் நேவிகேஷன் கருவி வழிகாட்டும், ஆனால் அது காட்டுவது அறுவைக்கு முன் எடுத்த படம். நீர் வெளியேறியதும் மூளை அமுங்கி இடம் நகரும். திரை காட்டும் இடத்தில் கட்டி இருக்காமல் போகலாம். பலருக்கு ஸ்டீரியோடாக்டிக் பயாப்ஸியே சரியான முதல் படி: தலையில் சட்டம் பொருத்தி, ஒரே துளை வழியே ஊசி. நம் பக்கத்தில் காசநோய்க் கட்டியும், நாடாப்புழு முட்டையால் வரும் நீர்க்கட்டியும் படத்தில் புற்றுக்கட்டி போலவே தெரிவதுண்டு. அவற்றுக்கு மருந்தே போதும் என்று ஆகும்போது, அந்தத் துணுக்குச் சதை ஒரு பெரிய அறுவையைத் தவிர்த்திருக்கும். மூளைத்தண்டின் பான்ஸ் பகுதி முழுவதும் பரவிய கட்டியைப் பிள்ளைகளுக்கு அறுத்தெடுக்க எந்த வழியும் இல்லை, அங்கே கதிர்வீச்சுதான். இதை மறைக்காமல் சொல்வதே பெற்றோருக்குச் செய்யும் நியாயம்.

தலைவலிக்கு மெடிக்கலில் கேட்டு டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரையைப் போட்டுக்கொண்டே வருபவர்கள் அதைக் கட்டாயம் சொல்லுங்கள். லிம்ஃபோமா வகைக் கட்டி (வெள்ளணுப் புற்று) ஸ்டீராய்டில் தற்காலிகமாகச் சுருங்கி, பயாப்ஸியில் ஒன்றும் தெரியாமல் போகலாம். அதற்காகச் சட்டென்று நிறுத்தவும் கூடாது. உடம்பு தாங்காது, படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். இதயத்துக்கு ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல் போன்ற இரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து எடுப்பவர்களும், நாட்டு மருந்து எடுப்பவர்களும் அந்தச் சீட்டையும் டப்பாவையும் கொண்டுவாருங்கள். ரிப்போர்ட் தாள் மட்டும் போதாது, ஸ்கேன் படங்கள் பதிந்த சி.டி. தட்டும் வேண்டும். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் முன்அனுமதிக்கு அதுவும் வேண்டும்.

தலையிலிருந்து நீர் வடியும் குழாய் போட்டிருக்கும்போது, கட்டிலையோ தலையணையையோ உறவினர் உயர்த்தவே கூடாது. வடியும் நீர் சேரும் பையின் உயரம் காது மட்டத்தை வைத்துக் குறித்தது. தலை உயர்ந்தால் நீர் அளவுக்கு மீறி வடிந்து, சுருங்கும் மூளையைச் சுற்றி இரத்தம் கட்டும். நர்ஸைக் கூப்பிட்டுக் குழாயை மூடச் சொன்ன பிறகே எதையும் அசைக்கலாம்.

எண்டோஸ்கோப்பில் போட்ட திறப்பு மாதங்களுக்கோ ஆண்டுகளுக்கோ பிறகு தூர்ந்துபோகலாம், மூளைநீரை வயிற்றுக்கு வடிக்க உள்ளே பொருத்தும் ஷன்ட் குழாயும் அடைபடலாம். வீடு திரும்பியவருக்குப் பழைய மண்டையிடியும் வாந்தியும் மறுபடி வந்து, கூடவே எழுப்ப எழுப்பத் தூக்கமாகவே இருந்தால், களக்காடோ சங்கரன்கோவிலோ எங்கே இருந்தாலும் 108-ஐக் கூப்பிட்டு அந்த இரவே கிளம்புங்கள். காலை பஸ்ஸுக்குக் காத்திருக்க வேண்டாம்.