‘ஜாதீய’ படம் என்றால் சாதிப் படமா?

அசாமியப் படங்களைப் பற்றித் தமிழில் எழுதுகிறவர்கள் தவறாமல் இடறுகிற சொல் ஒன்று உண்டு: ஜாதி. ஓர் அரசியல் த்ரில்லர் வருகிறது, ‘நம்முடைய ஜாதீய சத்தா இதில் எங்கே?’ என்று அங்கே கேட்கிறார்கள். அதை அப்படியே தமிழில் போட்டால், ஏதோ சாதிச் சங்கம் தியேட்டர் வாசலில் கொடி பிடிப்பதாகத்தான் நம்மவர் நினைப்பார். அவர்கள் கேட்பது வேறு. அசாமியர் என்ற மக்களின் தன்மை படத்தில் இருக்கிறதா, பேச்சும் உடையும் சடங்கும் பொய்யில்லாமல் வந்திருக்கின்றனவா என்பதுதான் அவர்கள் கேள்வி.

சொல்லின் வேர் சமஸ்கிருதத்தின் ‘ஜன்’, அதாவது பிறத்தல். ஜாதி என்றால் பிறப்பு. அதிலிருந்து, ஒரே பிறப்பு வகையைச் சேர்ந்தவை. தமிழிலும் இந்தப் பழைய பொருள் இருந்தது. தொல்காப்பிய மரபியலில் வரும் ‘நீர்வாழ் சாதி’ நீரில் வாழும் உயிர்வகைதான். பாரதி ‘தமிழச் சாதி’ என்று பாடியதும் தமிழ் மக்கள் அனைவரையும் சேர்த்துத்தான். இன்றும் ‘மனுச சாதி’ என்கிறோம், ‘உயர்சாதி நாய்’ என்கிறோம். ஆனால் சாதி என்று தனியாகச் சொன்னால் காதில் விழுவது ஒரே பொருள்தான். மற்றதெல்லாம் அதற்கடியில் புதைந்துவிட்டது.

பக்கத்து மொழிகளில் அப்படி ஆகவில்லை. ஆந்திர எல்லை தாண்டியதும் தேசிய நெடுஞ்சாலை ‘ஜாதீய ரகதாரி’ ஆகிவிடும். இலங்கையில் ‘எக்சத் ஜாதிக பக்ஷய’ என்பதை ஐக்கிய தேசியக் கட்சி என்று எழுதிப் பழகிய தமிழருக்கு இது புதிதல்ல. வங்கதேச நாடாளுமன்றத்தின் பெயர் ‘ஜாதிய சங்சத்’. அசாமியமும் இந்த வரிசையில்தான் வருகிறது, ஒரு நுணுக்கத்தோடு. இந்திய அளவிலான நெடுஞ்சாலை அங்கே ‘ராஷ்ட்ரிய’. குடிமக்கள் பதிவேடும் ‘ராஷ்ட்ரிய’. ஆனால் லக்ஷ்மிநாத் பெஜ்பருவா எழுதிய ‘ஓ மோர் ஆபோனார் தேஷ்’ பாட்டை அசாமின் ‘ஜாதீய சங்கீத்’ என்பார்கள். நாடு வேறு, ஜாதி வேறு.

2016 சட்டமன்றத் தேர்தலில் பாஜக முழங்கிய ‘ஜாதி, மாட்டி, பேட்டி’யைக் கேளுங்கள். நம் காதுக்கு யாரோ சாதிச் சண்டையில் மாட்டிப் பேட்டி கொடுத்தது போலிருக்கும். மாட்டி என்றால் மண். பேட்டி, வீடு நிற்கும் மண்மேடை. பிரம்மபுத்திரா வெள்ளம் ஏறும் ஊர்களில் மண்ணைக் கொட்டி உயர்த்தி, அதன்மேல்தான் வீடு கட்டுவார்கள். அதனால் பேட்டி போனால் குடியிருப்பே போனது மாதிரி. இந்த இரண்டோடும் சேர்ந்து நிற்கிற ஜாதிக்கு இனம் என்பதைத் தவிர வேறு பொருள் பொருந்தாது.

அசாமிய சினிமாவில் இந்தச் சொல் முதல் படத்திலிருந்தே உண்டு. ஜோதிபிரசாத் அகர்வாலா எடுத்து 1935இல் வெளிவந்த ‘ஜாய்மதி’யின் கதை, இன்று எடுத்தாலும் அரசியல் த்ரில்லர்தான். உடலில் ஊனமுள்ளவர் அன்று அசாமை ஆண்ட அஹோம் அரச மரபின் அரியணை ஏற முடியாது என்பதால், தனக்குப் போட்டியாக வரக்கூடிய இளவரசர்களை ஒவ்வொருவராக ஊனமாக்குகிறான் லோரா ராஜா என்ற சிறுவயது மன்னன். அந்த இளவரசர்களில் ஒருவனான கதாபாணி தப்பி நாகா மலைக்கு ஓடுகிறான். அவன் இருக்குமிடத்தைச் சொல்லாமலே சித்திரவதையில் சாகிறாள் மனைவி ஜாய்மதி. 1681இல் கதாபாணியே அரசனாகிறான். இவளை ஜாதீய நாயகியாகத் திரைக்குக் கொண்டுவந்த அகர்வாலாவின் முன்னோர் ராஜஸ்தானிலிருந்து வந்து குடியேறியவர்கள். எனவே ஜாதி என்பது ரத்தக் கணக்கு மட்டுமல்ல. நாயகியாக நடித்த ஐதேவ் ஹண்டிக்கோ, திரையில் அந்நிய ஆணைக் கணவன் என்று அழைத்ததற்காக ஊராரால் ஒதுக்கப்பட்டு, கடைசிவரை மணமாகாமலே 2002இல் இறந்தார். ஜாதீயப் பெருமைக்கு யார் விலை கொடுத்தார்கள் என்றும் பார்க்க வேண்டியிருக்கிறது.

இதன் மறுபக்கம் ‘ஜனஜாதி’. தமிழில் பழங்குடி. 2021இல் வந்த ‘செம்கோர்’, அசாமின் பழங்குடிகளில் ஒன்றான திமாசா மக்களின் மொழியில் எடுத்த படம். இயக்கிய ஐமி பருவா திமாசா அல்லர். பெண்சிசுக் கொலை எங்கள் வழக்கம் என்பது போலக் காட்டிவிட்டார்கள் என்று திமாசா அமைப்புகள் கொதித்தன. தேசிய விருது கிடைத்தும் அந்தக் கோபம் ஆறவில்லை. பெரிய ஜாதி தன் படங்களிடம் கேட்கும் கேள்வியையே சிறிய ஜனஜாதி பெரியதைப் பார்த்துக் கேட்கிறது. மொழிபெயர்ப்பில் இரண்டையும் ‘சாதி’யாக்கினால் இந்த விவாதமே காணாமல் போகும்.

சரி, தமிழில் என்ன எழுதலாம்? ஜாதிக்கு ‘இனம்’ போதும். ஜாதீய சத்தா, ‘இன அடையாளம்’. சிக்கல் ‘ஜாதீயதாபாத்’ என்பதில் (பாத் என்றால் வாதம்). ‘சாதியவாதம்’ என்றால் பொருளே கெட்டுவிடும். ‘இனவாதம்’ என்றால், குறிப்பாக ஈழத்து வாசகருக்கு, அது வசைச்சொல். வெறும் ‘தேசியவாதம்’ என்றால் டெல்லி நினைவுக்கு வரும். நமக்குப் பழகிய ‘தமிழ்த் தேசியம்’ போல ‘அசாமியத் தேசியம்’ என்பதே என் தேர்வு. வெளிநாட்டவர் குடியேற்றத்தை எதிர்த்து 1979 முதல் 1985 வரை நடந்த அசாம் கிளர்ச்சியைப் பற்றிய எந்தப் படத்துக்கும் இது பொருந்தும்.

ஒரு விலக்கு உண்டு. அசாமிய அரசு ஆவணத்தில் ‘அனுசூசித ஜாதி’ என்று வந்தால் அது பட்டியல் சாதியேதான். அங்கே ‘இனம்’ என்று திருத்திவிடாதீர்கள்.