இரண்டு லட்சம் கிலோமீட்டர் ஓடிய வண்டிக்கு என்ன ஆயில்?

"வண்டி ரெண்டு லட்சம் தாண்டிருச்சுங்கண்ணா, கொஞ்சம் கெட்டி ஆயிலா ஊத்திருங்க." மேட்டுப்பாளையத்தில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் நான் வாரம் தவறாமல் கேட்கிற பேச்சு இது. எங்கள் தொழிலில் இருப்பவர்களே பலர் இதைச் சொல்லி அனுப்புகிறார்கள். ஓடிய தூரத்தை மட்டும் வைத்து ஆயிலை மாற்றாதீர்கள். என்ஜின் என்ன சொல்கிறது என்று பார்த்து மாற்றுங்கள்.

கெட்டி ஆயில் பழக்கம் அம்பாசடர், மாருதி 800 காலத்தில் இருந்து வருகிறது. அந்த என்ஜின்களுக்கு 20டபிள்யூ-40, 20டபிள்யூ-50 ஊற்றியது சரிதான். அவை உள்ளே பாகங்களுக்கு நடுவில் அதற்கேற்ற இடைவெளி விட்டுக் கட்டிய என்ஜின்கள். 2007-இல் ஸ்விஃப்டில் டீசல் வந்தபோது கதை மாறிவிட்டது. டர்போ இருக்கிறது, வால்வுகளை நேரத்துக்குத் திறந்து மூட வைக்கும் டைமிங் செயின் இருக்கிறது, அந்தச் செயினை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் ஆயில் பிரஷரில் வேலை செய்கிறது. அன்று புதிதாக வாங்கிய அந்த வண்டிகள்தான் இன்று பழைய வண்டிகள்.

டப்பாவில் இருக்கும் இரண்டு எண்களில் எல்லோரும் பின்னால் இருப்பதைத்தான் பார்க்கிறார்கள். அது என்ஜின் சூடேறி 100 டிகிரியில் ஆயில் எவ்வளவு கெட்டியாக இருக்கும் என்பதற்கான குறி. டபிள்யூவுக்கு முன்னால் உள்ள எண் குளிரில் ஆயில் எப்படி ஓடும் என்பதற்கு. அந்த எண் குறையக் குறைய, குளிர்ந்த என்ஜினில் ஆயில் சீக்கிரம் மேலே ஏறும். தேய்மானம் அதிகம் நடப்பது காலையில் முதல் ஸ்டார்ட்டில். அதனால் நான் முதலில் பார்ப்பது முன்னால் இருக்கும் எண்ணைத்தான்.

போன மார்கழியில் ஒரு டாக்ஸி வந்தது. ஸ்விஃப்ட் டீசல், இரண்டு லட்சத்துக்கு மேல் ஓடியிருந்தது. ஊட்டியில் இரவு நிறுத்திவிட்டுக் காலையில் ஸ்டார்ட் செய்தால் சில நொடிகள் 'கரகர'வென்று செயின் சத்தம், அப்புறம் அடங்கிவிடும். செயின் செட்டையே மாற்றச் சொல்லிவிட்டார்கள் என்று ஓட்டுநர் தம்பி முகம் வாடிப்போய் நின்றார். கடைசி சர்வீஸ் பில்லை வாங்கிப் பார்த்தால் 20டபிள்யூ-50. ஊட்டியில் மார்கழிக் காலையில் பூஜ்ஜியத்தை ஒட்டி இறங்கும் குளிரில் அந்த ஆயில் டென்ஷனருக்குப் போய்ச் சேரவே நேரம் எடுக்கும். இறக்கிவிட்டு மேனுவலில் போட்டிருந்த கிரேடையும் புது ஃபில்டரையும் போட்டு அனுப்பினோம். அடுத்த முறை ஊட்டியில் தங்கிவிட்டு வந்தவர் சத்தம் இல்லை என்றார். எல்லா வண்டியும் இப்படிச் சுலபமாகச் சரியாகாது. செயின் உண்மையிலேயே நீண்டிருந்தால் மாற்றித்தான் ஆக வேண்டும். ஆனால் ஆயிலைப் பார்க்காமல் செயினில் கை வைக்கக்கூடாது.

சரி, கெட்டி ஆயில் எப்போதுமே தப்பா? இல்லை. சூடான பிறகு ஐடிலிங்கில் ஆயில் லைட் மினுக்குகிறது, ஆயில் குடிக்கிறது என்றால் ஒரு படி ஏறலாம். 5டபிள்யூ-30 ஓடிய என்ஜினுக்கு 5டபிள்யூ-40. பல மேனுவல்களில் வெப்பநிலைக்கேற்ப இரண்டு மூன்று கிரேடு போட்ட அட்டவணை இருக்கும், அதற்குள் நின்றுகொள்ளுங்கள். லைட் மினுக்கினால் முதலில் கேஜ் மாட்டி பிரஷர் பாருங்கள். சென்சார் கெட்டிருந்தாலும் மினுக்கும், பேரிங் தேய்ந்திருந்தாலும் மினுக்கும். பேரிங் தேய்ந்ததைக் கெட்டி ஆயில் கொஞ்ச நாள் மறைத்து வைக்கும், அவ்வளவுதான்.

ஆயில் எங்கே போகிறது என்று தெரிய எங்கள் மலைப்பாதை நல்ல சோதனை. பெட்ரோல் வண்டியில் குன்னூரில் இருந்து ஆக்ஸிலரேட்டரில் கால் வைக்காமல் இரண்டாவது கியரில் இறங்குங்கள். கீழே வந்து மிதிக்கும்போது பின்னால் குப்பென்று நீலப்புகை வந்தால், வால்வ் வழியாக ஆயில் உள்ளே இறங்காமல் தடுக்கும் வால்வ் சீல் மேல் சந்தேகம். ஏற்றத்தில் இழுக்கும்போது விடாமல் நீலப்புகை வந்தால், பிஸ்டனைச் சுற்றியிருக்கும் பிஸ்டன் ரிங் மேல் சந்தேகம். வால்வ் சீல் என்றால் பல என்ஜின்களில் ஹெட்டைக் கழற்றாமலே மாற்றலாம், செலவு தாங்கும். ரிங் என்றால் பெரிய வேலை. இரண்டுக்கும் முன்னால், என்ஜினுக்குள் சேரும் வாயுவை வெளியேற்றும் பிசிவி வால்வைக் கழற்றிப் பாருங்கள். அது அடைத்துக்கொண்டாலும் என்ஜின் ஆயில் குடிக்கும். விலை சொற்பம்.

அதிகம் ஓடிய வண்டிக்கென்றே வரும் ஹை மைலேஜ் ஆயிலில் காய்ந்துபோன ரப்பர் சீலை மிருதுவாக்கும் மருந்து சேர்த்திருப்பார்கள். லேசாகக் கசியும் என்ஜினில் போட்டுப் பார்க்கலாம். கிழிந்த சீலை அது ஒட்டாது. எந்தக் கோளாறும் இல்லாமல் ஓடுகிற வண்டிக்கு அது தேவையே இல்லை.

பெட்ரோல் என்ஜினுக்கு எஸ் என்று தொடங்கும் ஏபிஐ (அமெரிக்கப் பெட்ரோலியம் இன்ஸ்டிடியூட்) தரம், டீசலுக்கு சி என்று தொடங்குவது. பெட்ரோலுக்கு எஸ்எல் கேட்டிருந்தால் அதற்குப் பின் வந்த எஸ்என், எஸ்பி தாராளமாகப் போடலாம். பெட்ரோலுக்கு மட்டுமான ஆயிலை டீசலில் ஊற்றிவிடாதீர்கள்.

ஒரு கெஞ்சல். பல வருடம் சரியாக ஆயில் மாற்றாத என்ஜினுக்கு, உள்ளே கழுவ ஊற்றும் ஃப்ளஷ் போடச் சொன்னால் சம்மதிக்காதீர்கள். ஓரமாகப் படிந்திருந்த கசடு பெயர்ந்து என்ஜின் அடியில் ஆயில் தேங்கும் சம்ப்பில் உள்ள வலையை அடைத்துவிட்டால் பம்ப்புக்கு ஆயில் ஏறாது. நல்ல ஆயில் போட்டு மூவாயிரம், நான்காயிரம் கிலோமீட்டரிலேயே ஃபில்டரோடு மாற்றுங்கள். இரண்டு மூன்று முறை அப்படிச் செய்தால் மெதுவாகச் சுத்தமாகிவிடும்.

எந்த ஆயில் ஊற்றினாலும் குறைந்துவிட்டால் பயனில்லை. பழைய வண்டி என்றால் ஆயிரம் கிலோமீட்டருக்கு ஒரு முறை ஆயில் அளவு பார்க்கும் கம்பியை, அதாவது டிப்ஸ்டிக்கை எடுங்கள். சமதளத்தில் நிறுத்தி, என்ஜினை அணைத்துப் பத்து நிமிடம் கழித்து, துடைத்துவிட்டு மறுபடி விட்டு எடுத்துப் பார்க்க வேண்டும். டீசலில் புது ஆயில் சீக்கிரமே கறுத்துவிடும், அதற்குப் பயப்பட வேண்டாம். லெவல் ஏறியிருந்தால் பயப்படுங்கள்: டீசலோ கூலண்ட்டோ கலக்கிறது என்று அர்த்தம். பால் கலந்த காபி நிறத்தில் இருந்தால் ஸ்டார்ட் செய்யாமல் கட்டி இழுத்து வாருங்கள்.