ஊர்க் கபடியும் கெஸ்ட் ஆட்டக்காரரும்: நோட்டீஸ் அடிக்கும் முன் விழாக் குழுக்கள் பார்க்க வேண்டிய கணக்கு

சம்பா அறுவடை ஓயும் தை, மாசியில் தொடங்கி, மேட்டூர் அணை திறந்து குறுவை வேலை பிடிக்கும் வரை, தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களில் எங்காவது ஓர் ஊரில் மின்னொளிக் கபடிப் போட்டி நடந்துகொண்டேயிருக்கும். உடற்கல்வி ஆசிரியராகவும் கபடி நடுவராகவும் இந்தக் களங்களில் நின்று வரும் எனக்குச் சில ஆண்டுகளாக ஒரு கவலை வளர்ந்துகொண்டே வருகிறது. பனியனில் ஊர்ப் பெயர் இருக்கிறது. அதை அணிந்து களமிறங்கும் ஏழு பேரில் மூன்று, நான்கு பேர் அந்த ஊரைச் சேர்ந்தவர்களாக இல்லை. ஆண்டு முழுவதும் பயிற்சிக்கு வந்த உள்ளூர்ப் பையன்கள் மாற்று ஆட்டக்காரர்களாக வெளியே உட்கார்ந்திருக்கிறார்கள். சில ஊர்களில் உட்காரக்கூட வருவதில்லை.

இதற்கு ஆட்டக்காரர்களின் பண ஆசையையும் கழகச் செயலாளர்களின் வீம்பையும் காரணமாகச் சொல்வது வழக்கம். அப்படிச் சொல்வது நியாயமில்லை என்பது என் உறுதியான கருத்து. விழாக் குழு நோட்டீஸில் அச்சிடும் பரிசுத் தொகையும், அதன் கீழே சிறிய எழுத்தில் வரும் விதிகளும்தான் எந்த அணி எப்படிப்பட்ட ஆட்களைக் கொண்டுவரும் என்பதை முன்கூட்டியே தீர்மானித்துவிடுகின்றன. ஆகவே இந்தக் கட்டுரை முதலில் விழாக் குழுவினருக்கும், அதன் பிறகே கழகங்களுக்கும் பெற்றோருக்கும் எழுதப்படுகிறது.

எடுத்துக்காட்டாக ஒரு கணக்கைப் பார்ப்போம். முப்பத்திரண்டு அணிகள் மோதும், தோற்ற அணி உடனே வெளியேறும் நாக்-அவுட் போட்டி. முதல் பரிசு 50,000 ரூபாய், இரண்டாம் பரிசு 30,000, மூன்றாம் பரிசு 20,000, நான்காம் பரிசு 10,000 என மொத்தம் 1,10,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஒரு கழகம் ஆளுக்கு 5,000 ரூபாய் பேசி, அந்தப் போட்டிக்கு மட்டும் வெளியூரிலிருந்து வந்து ஆடும் மூன்று கெஸ்ட் ஆட்டக்காரர்களை அழைத்தால், வண்டிச் செலவும் சாப்பாடும் நீங்கலாக 15,000 ரூபாய் ஆகிறது. ஒரே ஒரு கழகம் இப்படிச் செய்தால் அதற்கு ஆதாயம் உண்டு. ஆனால் அதைப் பார்த்து மற்றவர்களும் செய்யத் தொடங்கி, பாதிக் கழகங்களாகிய பதினாறு கழகங்கள் இதே செலவில் இறங்கும்போது 2,40,000 ரூபாய் கெஸ்ட் ஆட்டக்காரர்களுக்குப் போகிறது. அது மொத்தப் பரிசுத் தொகையைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். அந்தப் பதினாறில் நான்கு கழகங்கள் மட்டுமே ஏதோ ஒரு பரிசைப் பெற முடியும். மீதிப் பன்னிரண்டு கழகங்கள் வெறுங்கையோடு திரும்பும். சிங்கப்பூரிலும் வளைகுடா நாடுகளிலும் வேலை பார்க்கும் ஊர்ப் பிள்ளைகள் அனுப்பிய பணமும், கடைத்தெருவில் ரசீது போட்டுத் திரட்டிய பணமும் ஒரே இரவில் இப்படிக் கரைந்துபோகின்றன. அடுத்த ஆண்டு அந்தக் கழகத்திற்குப் பந்தக்கால் நடக்கூடக் கையில் காசு இருப்பதில்லை.

கபடியில் இந்தச் சமனின்மை மற்ற ஆட்டங்களைவிட வேகமாகப் பெரிதாகிறது. ரக்பி பந்தாட்டத்தின் ஒரு வகையான ரக்பி யூனியனில் களத்தில் ஓர் அணிக்குப் பதினைந்து பேர் இருப்பதால், வெளியிலிருந்து வந்த ஒருவர் எவ்வளவு சிறந்தவரானாலும் மீதிப் பதினான்கு பேரை நம்பித்தான் ஆட வேண்டும். கபடியில் இருப்பவர்கள் ஏழு பேர். எதிரணிப் பகுதிக்குள் பாடிச் செல்லும் நல்ல ரெய்டர் ஒருவர் அணியின் ரெய்டுகளில் பாதியைத் தாமே எடுத்துவிட முடியும். தடுப்பின் ஓரத்தில் நின்று பிடிக்கும் தேர்ந்த கார்னர் ஒருவர் எதிரணியின் முக்கிய ரெய்டரை வெளியே அனுப்பிவிட்டால் அந்த அணியின் தாக்குதலே நின்றுபோகும். ஏழு பேரும் வெளியேறி ஒருமுறை ஆல் அவுட் ஆனால் எதிரணிக்குக் கூடுதலாக இரண்டு புள்ளிகள் போகின்றன. பலவீனமான அணி மீண்டும் ஏழு பேரோடு தொடங்கினாலும் சில நிமிடங்களில் அதே நிலைக்குத் திரும்பிவிடுகிறது. இடைவேளைக்குள் இருபது புள்ளி வித்தியாசம் விழுந்த ஆட்டத்தில் கூட்டம் எழுந்து போவதை நடுவராக நின்று பார்த்திருக்கிறேன். அதைவிட முக்கியமானது உடல் ஆபத்து. காவல், ரயில்வே போன்ற துறைகளின் அணியில் நாள்தோறும் பயிற்சி பெறும் எண்பது கிலோ ரெய்டரின் காலைப் பிடிக்கப் பதினொன்றாம் வகுப்பு மாணவன் பாயும்போது, விசில் வாயில் இருந்தாலும் என் கண் புள்ளியின் மேல் இருப்பதில்லை. பையனின் கழுத்தின் மேலும் முழங்காலின் மேலும்தான் இருக்கிறது.

பணமே கூடாது என்று விதி போட்டால் என்ன என்று சிலர் கேட்கிறார்கள். அந்த வழியை நெடுங்காலம் முயன்று பார்த்த விளையாட்டு ரக்பி. அதன் வரலாறு நமக்கு நேரடியாகப் பயன்படும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் வடக்கு இங்கிலாந்தின் கிளப்புகளில் சுரங்கத் தொழிலாளர்களும் ஆலைத் தொழிலாளர்களும் ஆடினார்கள். சனிக்கிழமை ஆட்டத்திற்குப் போனால் அன்றைய கூலி போய்விடும். இழந்த கூலியை மட்டுமாவது ஈடுசெய்ய அனுமதிக்க வேண்டும் என்ற கோரிக்கையை 1893-இல் இங்கிலாந்து ரக்பி சங்கத்தின் பொதுக்குழு 282-க்கு 136 என்ற வாக்குகளில் நிராகரித்தது. 1895 ஆகஸ்ட் 29 அன்று ஹடர்ஸ்ஃபீல்டு நகரின் ஜார்ஜ் ஹோட்டலில் கூடிய வடக்கு கிளப்புகள் பிரிந்து வடக்கு யூனியனைத் தொடங்கின. ரக்பி லீக் என்னும் தனி விளையாட்டு அதிலிருந்து வளர்ந்தது. புதிய யூனியன் இழந்த நாளுக்கு ஆறு ஷில்லிங் என்று ஈட்டுத்தொகைக்கு உச்சவரம்பு வைத்தது. பழைய பிரிவான ரக்பி யூனியனோ ஆட்டக்காரருக்குப் பணம் தருவதற்கான தடையை நூறாண்டு பிடித்துக்கொண்டிருந்து, 1995 ஆகஸ்டில்தான் அதை விலக்கியது. இடைப்பட்ட காலத்தில் பணம் நின்றுவிடவில்லை. ஆட்டம் முடிந்து வருபவரின் பூட்ஸுக்குள் கிளப்பார் நோட்டை வைத்துவிட்டுப் போகும் பழக்கம் வேல்ஸில் ஊரறிந்த இரகசியமாக இருந்தது.

இந்த வரலாற்றிலிருந்து நான் எடுத்துக்கொள்வது, ஆட்டக்காரருக்குக் கொடுக்கும் பணத்தில் இரண்டு வகை உண்டு என்பதுதான். பயிற்சிக்காகவும் ஆட்டத்திற்காகவும் ஒருவர் இழக்கும் நாள்கூலியையும் பேருந்துச் செலவையும் ஈடுசெய்வது ஒன்று. அடுத்த ஊர் அணியில் ஆட வேண்டியவரை ஒரு நாளைக்கு இங்கே இழுத்து வரக் கொடுப்பது மற்றொன்று. முதலாவதை நம் கழகங்கள் கொடுப்பதே இல்லை என்பது எனக்கு மிகுந்த வருத்தம் தரும் விஷயம். கொத்தனார் வேலைக்கும் நடவு, அறுவடை வேலைக்கும் போகும் பையன் மாலைப் பயிற்சிக்காகப் பாதி நாள் கூலியை விட்டுவிட்டு வந்தால், அவனுக்கு ஒரு தேநீருக்குக்கூடக் கணக்கில் இடம் இல்லை; போட்டிக்கு முதல் நாள் காரில் வந்து இறங்குபவருக்கு ஐயாயிரம் உண்டு. பயிற்சிக்கு வருகைப் பதிவேடு வைத்து, வந்த நாளுக்கு ஒரு சிறு தொகையைக் கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுக்கும் கழகம் எந்தத் தவறும் செய்வதாக நான் கருத மாட்டேன். வெளிப்படையாகக் கொடுப்பதால் அதற்கு ஓர் அளவும் இருக்கும்.

மைக் அறிவிப்புப் பரிசைப் பற்றியும் சொல்ல வேண்டும். 'இந்த ரெய்டில் புள்ளி எடுத்தால் ஐந்நூறு ரூபாய்' என்று வர்ணனையாளர் அறிவித்தவுடன், எதிரணிப் பகுதியின் குறுக்குக் கோட்டைக் கடந்துவிட்டுத் திரும்ப வேண்டிய ரெய்டர் உள்ளே புகுந்து மாட்டிக்கொள்கிறார். சங்கிலியாகக் கை கோத்து அவரைப் பிடித்த நான்கு பேருக்கு அந்தப் பரிசில் பங்கில்லை. அன்பளிப்புத் தருபவரின் மனம் நல்லதுதான். ஆனால் அந்தப் பணம் ஆட்டம் முடிந்தபின் அணித் தலைவரிடம் போனால் ஆட்டமும் கெடாது, கேட்ச் பிடிப்பவர்களும் ஊக்கம் பெறுவார்கள்.

கெஸ்ட் ஆட்டக்காரரின் பக்கமும் பார்க்கப்பட வேண்டும். ஒரே வாரத்தில் மூன்று இரவு மூன்று ஊர்களில் ஆடி, தூங்காமல் வண்டியில் பயணம் செய்து, வீக்கமுள்ள முழங்காலில் கட்டுப் போட்டுக்கொண்டு இறங்குபவர்களை எனக்குத் தெரியும். தசைநார் அறுந்தால் அவரை அழைத்து வந்த கழகம் மருத்துவமனை வாசல் வரைதான் வரும். அந்த ஊருக்கும் அவருக்கும் வேறு உறவு இல்லை. பதினேழு, பதினெட்டு வயதுப் பிள்ளைகளிடம் வேறொரு இழப்பும் நேர்கிறது. தமிழ்நாட்டில் விளையாட்டு வீரர்களுக்கு அரசு வேலையில் 3 சதவீத இட ஒதுக்கீடு இருக்கிறது. அதற்குக் கணக்கில் வருவது அங்கீகரிக்கப்பட்ட போட்டிகளின் சான்றிதழே தவிர, ஊர்க் கோப்பை எத்தனை வென்றாலும் அது சேராது. மாவட்டத் தேர்வு நடக்கும் அதே நாளில் இரண்டாயிரம் ரூபாய்க்கு வேறோர் ஊரில் ஆடப் போன மாணவனின் பெற்றோருக்கு இதைத் தெளிவாகச் சொல்ல வேண்டியது என்னைப் போன்ற ஆசிரியர்களின் கடமை.

உள்ளூர்ப் பயிற்சியால் பெரிய இடத்திற்குப் போக முடியாது என்ற எண்ணத்திற்கு நம் மண்ணிலேயே மறுப்பு இருக்கிறது. தஞ்சாவூர் மாவட்டத்துத் தர்மராஜ் சேரலாதன் தொழில்முறைப் போட்டித் தொடரான புரோ கபடியில் 2016-இல் பாட்னா பைரேட்ஸ் அணிக்குத் தலைமை தாங்கிக் கோப்பை வென்றார். 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டுப் போட்டியில் தங்கம் வென்ற இந்திய ஆடவர் கபடி அணியில் மன்னார்குடிக்குப் பக்கத்து வடுவூரைச் சேர்ந்த அபினேஷ் மோகன்தாஸ் இருந்தார்.

இனி என்ன செய்யலாம்? 'வெளியூர் ஆட்டக்காரர்களுக்கு அனுமதி இல்லை' என்ற ஒற்றை வரியையும் ஆதார் அட்டைப் பரிசோதனையையும் நான் முழுமையாக நம்பவில்லை. பத்து வயது முதல் இந்தக் களத்தில் ஆடிவிட்டுத் திருப்பூருக்கு வேலைக்குப் போய் முகவரி மாற்றியவன் அந்த விதியில் வெளியூர்க்காரன் ஆகிவிடுகிறான். ஐம்பது வீடு மட்டுமே உள்ள சிற்றூரால் பன்னிரண்டு பேரைத் திரட்டவே முடியாது. அதைவிடக் கசப்பான உண்மை, 'உள்ளூர்' என்ற சொல்லைச் சிலர் தங்கள் தெருவோடு நிறுத்திக்கொள்வது. ஒரே ஊராட்சியின் காலனித் தெருவில் அருமையான கார்னர் ஆட்டக்காரர் இருக்கும்போது, அவரை அழைக்காமல் நூறு கிலோமீட்டர் தாண்டி ஆளைக் கொண்டுவரும் கழகங்கள் உள்ளன. ஊராட்சியின் எல்லாத் தெருவும் ஊர்தான் என்று நோட்டீஸிலேயே எழுதப்பட வேண்டும்.

ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் அந்நாட்டுக் கால்பந்தின் ஊர்க் கிளப்புகளுக்கு 2016-இல் ஒரு புள்ளிமுறை வந்தது. ஒவ்வோர் ஆட்டக்காரருக்கும் அவர் எங்கே வளர்ந்தார், எந்த மட்டத்தில் ஆடியவர் என்பதைப் பொறுத்து ஒரு மதிப்பு. அணியின் மொத்தத்திற்கு ஓர் உச்சவரம்பு. அந்தக் கருத்தை நம் கபடிக்கு ஏற்பச் சுருக்கலாம் என்பது என் முன்மொழிவு. சொந்த ஊராட்சியைச் சேர்ந்தவர், அல்லது பதினாறு வயதுக்கு முன் இரண்டு ஆண்டுகளாவது அங்கே பயிற்சி பெற்றவர் என்றால் 1. அதே வட்டத்தைச் சேர்ந்தவர் 2. அதற்கு வெளியே இருந்து வருபவர் 4. துறை அணியில் வேலையில் இருப்பவரும் புரோ கபடி ஒப்பந்தம் உள்ளவரும் 6. பன்னிரண்டு பேர் பட்டியலின் கூட்டுத்தொகை 20-ஐத் தாண்டக்கூடாது. பட்டியலில் மூன்று பேர் வெளியிலிருந்து வந்தால் 21 ஆகிவிடும், அது செல்லாது. இரண்டு பேர் வந்தால் 18, செல்லும். ஒரு துறை ஆட்டக்காரரையும் ஒரு வெளியூர்க்காரரையும் சேர்த்தால் சரியாக 20. சிற்றூர்க் கழகம் பக்கத்து ஊர்களிலிருந்து நான்கு பேரைச் சேர்த்தாலும் 16 தான் வரும். பெரிய ஆட்டக்காரரைப் பார்க்க ஆசைப்படும் கூட்டமும் ஏமாறாது. அவரோடு சேர்ந்து ஆடும் உள்ளூர்ப் பையனும் கற்றுக்கொள்வான். மகளிர் போட்டிகளில் அணிகள் குறைவாக இருப்பதால் வரம்பைச் சற்றுத் தளர்த்தலாம்.

பரிசையும் போட்டி முறையையும் இதனோடு சேர்த்தே மாற்ற வேண்டும். முப்பத்திரண்டு அணி நாக்-அவுட்டில் மொத்தம் 31 ஆட்டங்கள். பதினாறு அணிகள் ஒரே ஆட்டத்தோடு வீடு திரும்பும். பதினாறு அணிகளை மட்டும் சேர்த்து நான்கு பிரிவாகப் பிரித்து, பிரிவுக்குள் எல்லா அணியும் ஒன்றோடொன்று மோதும் லீக் நடத்தினால் 24 ஆட்டங்கள். பிரிவுக்கு இரண்டு அணி மேலே போனால் காலிறுதி முதல் இறுதி வரை 7. அதே 31 ஆட்டங்கள்தான். விளக்கு வாடகையும் நடுவர் படியும் அதிகமாகாது, ஆனால் ஒவ்வோர் அணிக்கும் குறைந்தது மூன்று ஆட்டங்கள் கிடைக்கும். நுழைவுக் கட்டணத்தில் பாதி குறையும் என்பது உண்மை. அதைத் தாங்க முதல் பரிசை முன்னிறுத்தும் விளம்பரச் செலவைக் குறைக்கலாம். முன் சொன்ன 1,10,000 ரூபாயை 30,000, 20,000, 12,000, 12,000 என்று நான்கு அணிகளுக்குக் கொடுத்துவிட்டு, மீதிப் பன்னிரண்டு அணிகளுக்கும் அணிக்கு 2,000 பயணப்படியாக 24,000 கொடுத்தாலும் 12,000 மிஞ்சும்; அது களத்தின் ஓரத்தில் ஆம்புலன்ஸும் முதலுதவி ஆளும் நிற்க உதவும். தலைமடைக்காரரே தண்ணீர் முழுவதையும் எடுத்துக்கொண்டால் கடைமடை தரிசாகும் என்பதை நம்மவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

ஒரு விழாக் குழு மட்டும் தனியாக இந்த விதியைப் போட்டால், பேர்பெற்ற அணிகள் அந்த வாரம் வேறு ஊருக்குப் போய்விடும். இந்த அச்சம் நியாயமானது. எனவே ஒரே பேருந்துத் தடத்தில் உள்ள ஐந்தாறு ஊர்கள் சேர்ந்து ஒரே புள்ளி விதியை ஏற்க வேண்டும். போட்டிக்குப் பதினைந்து நாள் முன் ஒவ்வொரு கழகமும் பன்னிரண்டு பேரின் பெயரையும் புள்ளியையும் எழுதித் தர வேண்டும்; அந்தப் பருவத்தில் ஒருவர் ஒரு கழகத்திற்கு மட்டுமே ஆட வேண்டும்; ஆட்சேபம் இருந்தால் முதல் ஆட்டம் தொடங்கும் முன்பே பதிவு செய்ய வேண்டும். தோற்றபின் எழும் ஆட்சேபத்தை நடுவர்கள் விசாரிக்கக்கூடாது. இரவு இரண்டு மணிக்குக் களத்தில் மூளும் சண்டைகள் பெரும்பாலும் அங்கேதான் தொடங்குகின்றன. இதையெல்லாம் பேசி முடிக்க, மழையில் களங்கள் நனைந்து ஆட்டமே இல்லாத ஐப்பசி, கார்த்திகை மாதங்களே ஏற்ற காலம். மார்கழியில் நோட்டீஸ் அச்சுக்குப் போய்விடும். கூட்டத்திற்கு வரும் ஒவ்வொரு செயலாளரும் சென்ற பருவத்தின் வரவு செலவு நோட்டையும், தங்கள் ஊரில் பயிற்சிக்கு வந்தும் களமிறங்க வாய்ப்புக் கிடைக்காத பையன்களின் பெயர்ப் பட்டியலையும் கையோடு கொண்டுவர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.