ஐசிஎம்ஆர் ஆராய்ச்சி நிதி: பணம் எங்கே நின்றுபோகும் என்று முன்னாலேயே தெரிந்துகொள்ளுங்கள்

ஒரு மருத்துவக் கல்லூரியின் ஆராய்ச்சித் திட்டத்துக்காக வீடு வீடாகப் போய் சர்க்கரை நோய் பற்றிய விவரம் எடுத்த பெண்ணுக்கு ஐந்து மாதம் சம்பளம் வரவில்லை. டெல்லியிலிருந்து ஐசிஎம்ஆர் அனுமதி இருந்தது, முதல் தவணையும் வந்து செலவாகியிருந்தது, அந்தச் செலவுக் கணக்கில் ஒரு கையெழுத்து மட்டும் விழவில்லை. கணக்குப் பிரிவு கண்காணிப்பாளர் விடுப்பில் இருந்தார். அவர் திரும்பி வருவதற்குள் டீன் மாறிவிட்டார். புது டீன், பழைய செலவுக்கு நான் எப்படிக் கையெழுத்துப் போடுவது என்று கேட்டார். அந்தப் பெண் கைமாற்று வாங்கி பஸ் ஏறிக்கொண்டிருந்தார். அந்தக் கோப்பைத் தூக்கிக்கொண்டு மேசை மேசையாக அலைந்தவர்களில் நானும் ஒருவன். புரப்போசல் எழுதுவது எப்படி என்று சொல்லித்தர நிறையப் பேர் இருக்கிறார்கள், பணம் எங்கே நின்றுபோகும் என்று சொல்லத்தான் ஆள் இல்லை.

பின்னணி சுருக்கமாக. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், அதாவது ஐசிஎம்ஆர், 1911இல் வேறு பெயரில் தொடங்கியது, 1949இல் இன்றைய பெயருக்கு வந்தது. தன் சொந்த நிறுவனங்களில் ஆய்வு நடத்துவதோடு, வெளியே கல்லூரிகளிலும் பல்கலைக்கழகங்களிலும் இருப்பவர்களின் புதிய ஆய்வுகளுக்கும் பணம் கொடுக்கிறது. இதைத்தான் எக்ஸ்ட்ராமூரல் நிதி என்கிறார்கள். அண்மைய விண்ணப்ப அழைப்புகளில் 2 கோடி ரூபாய் வரை சிறு நிதி, அதற்கு மேல் 8 கோடி வரை இடைநிலை நிதி என்று பிரித்திருக்கிறார்கள். ஆண்டு முழுக்க விண்ணப்பிக்க முடியாது. அழைப்பு வரும், சில வாரங்களில் மூடிவிடும். அந்தச் சில வாரங்களில் காகிதம் சேர்க்கலாம் என்று நினைப்பவர்கள்தான் முதலில் விழுகிறார்கள்.

முதல் பள்ளம், யார் விண்ணப்பிக்கலாம் என்பது. முதன்மை ஆய்வாளராக, அதாவது பிஐ ஆக இருப்பவர் அந்த நிறுவனத்தில் நிரந்தரப் பணியில் இருக்க வேண்டும். தொகுப்பூதியத்தில் பத்து வருடம் பாடம் நடத்தியிருந்தாலும் ஒப்பந்தப் பணி ஒப்பந்தப் பணிதான். இது தெரியாமல் நான்கு மாதம் உட்கார்ந்து எழுதிய ஓர் உதவிப் பேராசிரியை, கடைசி நாளில் நிறுவனத் தலைவரின் சான்றுக்குப் போனபோதுதான் தன் பெயரை பிஐ என்று போட முடியாது என்று அறிந்தார். துறைத்தலைவர் பெயரைப் போட்டு அனுப்பினார்கள். யோசனையும் உழைப்பும் அவருடையது, பெயர் இன்னொருவருடையது. உங்களுக்கு அந்த நிலை என்றால், எழுதத் தொடங்கும் முன்பே நம்பிக்கையான ஒரு நிரந்தர ஆசிரியரிடம் பேசி, இணை ஆய்வாளராக உங்கள் பெயர் வரும், கட்டுரையில் உங்கள் இடம் எது என்பதை மின்னஞ்சலில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். வாய்ப்பேச்சு வேண்டாம்.

தொண்டு நிறுவனங்களுக்கு வேறொரு தடை. சங்கப் பதிவு இருந்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். போதாது. மத்திய அரசின் அறிவியல், தொழில் ஆராய்ச்சித் துறை, அதாவது டிஎஸ்ஐஆர், உங்களை ஆராய்ச்சி நிறுவனம் என்று அங்கீகரித்திருக்க வேண்டும். அதற்கே தனி விண்ணப்பம், தணிக்கை செய்த கணக்குகள், காத்திருப்பு எல்லாம் உண்டு. கிராமத்தில் இருபது வருடம் வேலை செய்து, அங்கே என்ன நோய் பரவுகிறது என்று எவரையும்விட நன்றாகத் தெரிந்து வைத்திருக்கும் அமைப்புகள் இந்த ஒரு காகிதத்தால் வெளியே நிற்பது எனக்கு இன்றுவரை வருத்தம். அங்கீகாரம் கிடைக்கும்வரை அரசு மருத்துவக் கல்லூரி ஒன்றோடு சேர்ந்து விண்ணப்பியுங்கள். வெளிநாட்டுப் பணத்தை ஒரு பெரிய அமைப்பு வாங்கி உங்களுக்குப் பிரித்துத் தரும் என்ற பழைய வழி இப்போது இல்லை. வெளிநாட்டு நன்கொடையை ஒழுங்குபடுத்தும் எஃப்சிஆர்ஏ சட்டத்தின் 2020ஆம் ஆண்டுத் திருத்தம் அப்படிப் பிரித்துக் கொடுப்பதையே தடை செய்துவிட்டது. யாராவது அப்படிச் செய்யலாம் என்று சொன்னால் நம்பாதீர்கள், மாட்டிக்கொள்வது நீங்கள்தான்.

அடுத்தது எத்திக்ஸ் கமிட்டி, அதாவது ஆய்வு நெறிமுறைப்படி இருக்கிறதா என்று பார்த்து ஒப்புதல் தரும் குழு. நான் பார்த்தவரை அதிகத் தாமதம் இங்கேதான். எங்கள் கல்லூரியில் கமிட்டி இருக்கிறது என்று எல்லாரும் சொல்வார்கள், அது எங்கே பதிவாகியிருக்கிறது என்று கேட்டால் பதில் வராது. 2019ஆம் ஆண்டு புதிய மருந்துகள் மற்றும் மருத்துவச் சோதனைகள் விதிகளின்படி, மருந்துச் சோதனைகளைப் பார்க்கும் கமிட்டி மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பில் பதிவாக வேண்டும். மற்ற உயிர்மருத்துவ, சுகாதார ஆய்வுகளைப் பார்க்கும் கமிட்டி சுகாதார ஆராய்ச்சித் துறையில், அதாவது டிஎச்ஆரில், பதிவாக வேண்டும். இரண்டும் வேறு வேறு. நீங்கள் செய்வது ஒரு கிராமத்தில் இரத்தசோகை பற்றிய கணக்கெடுப்பு என்றால், கமிட்டிக்கு மருந்துச் சோதனைப் பதிவு மட்டும் இருந்து பயனில்லை. பதிவுக்குக் காலாவதித் தேதியும் உண்டு. இன்றே போய்ப் பதிவுச் சான்றின் நகலை வாங்கித் தேதியைப் பாருங்கள். அப்புறம், தலைவர் வெளி நிறுவனத்தைச் சேர்ந்தவராக இருக்க வேண்டும், குறைந்தது ஐந்து பேர் இல்லாமல் கூட்டம் செல்லாது. நான்கு பேர் வந்த கூட்டத்தில் வாங்கிய ஒப்புதலை வைத்துக்கொண்டு பிறகு தவித்தவர்களைப் பார்த்திருக்கிறேன். நீங்களே அந்தக் கமிட்டியில் உறுப்பினர் என்றால், உங்கள் திட்டம் பேசப்படும்போது வெளியே போய்விடுங்கள், போனதைக் கூட்டக் குறிப்பில் எழுதச் சொல்லுங்கள்.

புது மருந்தோ புது சிகிச்சை முறையோ உள்ள சோதனை என்றால் சிடிஆர்ஐ, அதாவது இந்திய மருத்துவச் சோதனைகள் பதிவேட்டில், பதிவும் வேண்டும். கட்டணம் கிடையாது. ஆனால் 2018 ஏப்ரல் 1 முதல், முதல் நோயாளியைச் சேர்ப்பதற்கு முன்பே பதிவு முடிந்திருக்க வேண்டும், பிறகு போய்ப் பதிய முடியாது. பதிவேட்டுக்காரர்கள் கேள்வி கேட்பார்கள், நீங்கள் பதில் சொல்வீர்கள், மறுபடி கேட்பார்கள். அதற்கு வாரக் கணக்கில் இடம் விட்டு உங்கள் கால அட்டவணையைப் போடுங்கள்.

பொது சுகாதார ஆய்வு செய்பவர்கள் மறந்துபோவது கள அனுமதி. தமிழ்நாட்டில் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கால் வைக்க வேண்டுமென்றால் பொது சுகாதாரம் மற்றும் நோய்த்தடுப்பு மருந்துத் துறை இயக்குநரகத்தின் அனுமதி வேண்டும், பிறகு மாவட்ட சுகாதார அலுவலரிடம் போக வேண்டும். எத்திக்ஸ் ஒப்புதல் இருக்கிறதே என்று காட்டினால், அது உங்கள் கல்லூரிக்கு என்பார்கள். இயக்குநரகத்தில் கேட்டால் எத்திக்ஸ் ஒப்புதல் எங்கே என்பார்கள். கமிட்டியிலோ கள அனுமதி எங்கே என்பார்கள். இந்த வட்டத்தை உடைக்க ஒரே வழி, கள அனுமதிக்கு உட்பட்டு என்று ஒரு வரி சேர்த்துக் கமிட்டியிடம் ஒப்புதல் கேட்பது. பெரும்பாலும் தருவார்கள், நீங்கள் கேட்டால்தான்.

சரி, பட்ஜெட்டுக்கு வருவோம்.

பழைய திட்டத்தின் பட்ஜெட்டை நகலெடுக்காதீர்கள். பொது ஆராய்ச்சி நிறுவனங்கள் வாங்கும் கருவிகளுக்கு 5 விழுக்காடு ஜிஎஸ்டி என்ற சலுகை 2022 ஜூலை 18 முதல் இல்லை. 10 லட்ச ரூபாய்க் கருவிக்கு 50,000 ரூபாய் வரி என்று எழுதிவிட்டு, 18 விழுக்காட்டில் 1,80,000 கேட்டு பில் வந்தால் மீதி 1,30,000 எங்கிருந்து வரும்? ஆள் சம்பளத்திலிருந்து எடுக்க முடியாது, ஏனென்றால் கருவிக்கான தலைப்பும் சம்பளத் தலைப்பும் வேறு, முன் அனுமதி இல்லாமல் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றக் கூடாது. 2025 செப்டம்பரில் பல மருத்துவக் கருவிகளுக்கு வரி குறைந்தது, எல்லாவற்றுக்கும் இல்லை. ஆகவே உங்கள் கருவிக்கு இன்றைய வரியைப் போட்டுப் புது விலைப்புள்ளி வாங்குங்கள். நிதிக்கே ஜிஎஸ்டி கட்ட வேண்டும் என்று உங்கள் கணக்குப் பிரிவு பயந்தால், 2024 செப்டம்பரில் நடந்த 54ஆவது ஜிஎஸ்டி கவுன்சில் கூட்டம் அரசு நிறுவனங்களுக்கும், வருமான வரிச் சட்டம் 35ஆவது பிரிவில் அறிவிக்கப்பட்ட கல்லூரி, பல்கலைக்கழகங்களுக்கும் வரும் ஆராய்ச்சி நிதிக்கு விலக்குப் பரிந்துரைத்தது, அதற்கு அறிவிக்கையும் வந்துவிட்டது என்று எடுத்துக் காட்டுங்கள்.

பட்ஜெட்டில் எல்லாரும் விட்டுவிடுவது ஆய்வுக்கு வரும் மக்களின் செலவை. ஆய்வுக்காக மட்டும் செய்யும் இரத்தப் பரிசோதனைக்கு நோயாளியிடம் பணம் வாங்கக் கூடாது, பஸ் கட்டணத்தையும் இழந்த கூலியையும் ஈடுகட்டலாம், ஆய்வினால் உடம்புக்குக் கேடு வந்தால் இலவச சிகிச்சை தர வேண்டும் என்று ஐசிஎம்ஆரின் 2017ஆம் ஆண்டு நெறிமுறை வழிகாட்டியே சொல்கிறது. ஆனால் பட்ஜெட்டில் அந்த வரி இல்லாவிட்டால் பணம் தர வழியில்லை. ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வந்த அம்மாவுக்கு டீ வாங்கிக் கொடுத்து அனுப்புவதை நான் பார்த்திருக்கிறேன். ஒரு ஆளுக்கு எத்தனை முறை வருகை, ஒவ்வொரு வருகைக்கும் எவ்வளவு என்று கணக்கிட்டு எழுதுங்கள். அதேபோல, கிராம சுகாதார செவிலியர்களும் மக்களைத் தேடி மருத்துவம் தன்னார்வலர்களும் உங்கள் படிவத்தை இலவசமாக நிரப்பித் தருவார்கள் என்று கணக்குப் போடாதீர்கள். அவர்கள் கையில் ஏற்கெனவே இருக்கும் பதிவேடுகளே அதிகம்.

பணம் வந்த பிறகுதான் நிஜமான அலைச்சல். தவணை தவணையாக வரும். அடுத்த தவணைக்கு முன்னேற்ற அறிக்கை, செலவு விவரம், பயன்பாட்டுச் சான்று மூன்றும் போக வேண்டும். பயன்பாட்டுச் சான்றை யூசி என்பார்கள், பொது நிதி விதிகள் 2017இன் படிவம் 12-அ. இது நிதியாண்டை ஒட்டி ஓடும், உங்கள் ஆய்வின் ஆண்டை ஒட்டி அல்ல. ஜனவரியில் பணம் வந்தாலும் மார்ச் 31 வரைக்கும் கணக்குக் காட்ட வேண்டும். வங்கியில் பணம் கிடந்து வட்டி வந்தால் அது உங்களுடையது இல்லை, அரசுக்குத் திருப்பிக் கட்ட வேண்டும். அந்த வட்டியில் பிரிண்டர் மை வாங்கியதற்காக ஓர் ஆண்டு யூசி திரும்பி வந்தது எனக்குத் தெரியும்.

அரசுக் கல்லூரி என்றால் முதல் வாரத்திலேயே கணக்குப் பிரிவில் இதற்கென ஒருவரைக் கேளுங்கள், அவர் விடுப்பில் போனால் யார் என்றும் கேளுங்கள். ஒவ்வொரு மாதமும் 5ஆம் தேதிக்குள் செலவுத் தாளில் கையெழுத்து வாங்கிவிடுங்கள், ஆண்டுக் கடைசிக்குச் சேர்த்து வைக்காதீர்கள். டீன் மாறும் பேச்சு வந்தால் அந்த வாரமே நிலுவைக் கையெழுத்துகளை முடியுங்கள். உங்களுக்கே இடமாறுதல் வரலாம். கலந்தாய்வில் வேறு ஊருக்குப் போய்விட்டால் திட்டம் கூடவே வராது, பிஐ மாற்றத்துக்கு ஐசிஎம்ஆர் அனுமதி வேண்டும். இணை ஆய்வாளராக அந்தக் கல்லூரியிலேயே இருக்கக்கூடிய ஒருவரைத் தொடக்கத்திலேயே போட்டுவையுங்கள்.

முதல் முறை எழுதுபவர் என்றால் நேராக 2 கோடிக்குப் போக வேண்டாம். உங்கள் அரசு மருத்துவக் கல்லூரியில் எம்ஆர்யூ, அதாவது பல்துறை ஆராய்ச்சிப் பிரிவு, இருக்கிறதா என்று பாருங்கள். டிஎச்ஆர் பணத்தில் நடப்பது, கருவிகள் அங்கேயே இருக்கும், உள்ளூர் ஆலோசனைக் குழு ஒப்புதல் தந்தால் சிறிய ஆய்வைத் தொடங்கலாம். பல கல்லூரிகளில் அந்த அறை பூட்டியே கிடக்கிறது, கேட்பார் இல்லாததால். எம்பிபிஎஸ், பிடிஎஸ் மாணவர்களுக்கு எஸ்டிஎஸ் என்ற குறுகிய கால ஆய்வு உதவித்தொகை உண்டு, ஆனால் அறிக்கை ஏற்கப்பட்ட பிறகுதான் பணம் வரும். ஆய்வுச் செலவை அதிலிருந்து செய்யலாம் என்று நம்பிக் கடன் வாங்காதீர்கள்.

இனி, திட்டத்தில் வேலைக்குச் சேரப் போகிறவர்களுக்கு. நியமன ஆணை கையில் வராமல் களத்துக்குப் போகாதீர்கள். அதில் தொடங்கும் தேதி, முடியும் தேதி, மாதச் சம்பளம், வீட்டு வாடகைப் படி உண்டா, பயணச் செலவை யார் தருவார்கள் என்பது எல்லாம் இருக்க வேண்டும். அடுத்த தவணை எப்போது வர வேண்டும், யூசி அனுப்பியாகிவிட்டதா என்று பிஐயிடம் கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது, அவர் கோபித்துக்கொண்டாலும் கேளுங்கள். வருகைப் பதிவேட்டை மாதாமாதம் கைபேசியில் படம் பிடித்து வையுங்கள். அந்தப் பெண்ணுக்குக் கடைசியில் ஐந்து மாதச் சம்பளமும் வந்தது, வேலைக்கு வந்த நாட்களைக் காட்ட அவர் கையில் அந்தப் படங்கள் இருந்ததால்.