கெய்ரெட்சு: தமிழில் எப்படிச் சொல்வது?

1989-இல் சோனி நிறுவனம் கொலம்பியா பிக்சர்ஸை வாங்கியது. அதே ஆண்டு நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் சென்டரில் பெரும்பங்கு மிட்சுபிஷி எஸ்டேட் கைக்குப் போனது. ஜப்பான்காரன் நம் நாட்டையே விலைக்கு வாங்கிவிடுவான் என்ற பயம் அமெரிக்காவில் பரவியிருந்த அந்தக் காலத்தின் குழந்தைதான் மைக்கேல் கிரைட்டனின் ‘ரைசிங் சன்’ நாவல் (1992). லாஸ் ஏஞ்சலஸில் ஒரு ஜப்பானிய நிறுவனத்தின் புதுக் கட்டடத் திறப்பு விழாவில் விருந்து நடக்கிறது, அதே கட்டடத்தின் 46-ஆவது மாடியில் ஒரு இளம்பெண் செத்துக் கிடக்கிறாள். விசாரிக்கப் போகும் போலீஸ்காரர்களோடு சேர்ந்து வாசகரும் சில ஜப்பானியச் சொற்களைப் படித்துக்கொண்டே போக வேண்டும். செம்பாய் என்றால் மூத்தவர், கோஹாய் என்றால் இளையவர். இவை தமிழுக்குச் சுலபம். கெய்ரெட்சுதான் மாட்டிக்கொள்கிறது.

இதை இரண்டு சீன எழுத்துகளால் எழுதுகிறார்கள். ‘கெய்’ என்பது இழை, அதிலிருந்து வம்சாவளி, தொடர்பு. ‘ரெட்சு’ என்பது வரிசை. தொழில் பேச்சில் இது ஒன்றோடொன்று பிணைந்து நிற்கும் நிறுவனங்களின் கூட்டத்தைக் குறிக்கும்.

இதற்கு முன்னால் இருந்தது ஸைபட்சு. மிட்சுய், மிட்சுபிஷி, சுமிட்டோமோ, யசுதா ஆகிய நான்கும் அவற்றில் பெரியவை. உச்சியில் ஒரு குடும்பம், அதன் கையில் ஒரு தாய் நிறுவனம், அதற்குக் கீழே வங்கி, சுரங்கம், கப்பல் எல்லாம். ‘பெருந்தனக் குடும்பம்’ என்றால் பொருள் ஏறக்குறைய வந்துவிடும். (இதே இரண்டு எழுத்துகளைக் கொரியர்கள் ‘சேபோல்’ என்று படிக்கிறார்கள்.) இரண்டாம் உலகப் போரில் ஜப்பான் தோற்றதும், ஆக்கிரமிப்பு நிர்வாகம் ஸைபட்சுக்களைக் கலைத்தது. 1947-இல் வந்த சட்டம் தாய் நிறுவனங்களுக்குத் தடை போட்டது. அந்தத் தடை நீங்க 1997 வரை ஆனது.

தலையை வெட்டினார்களே தவிர, உடம்பு சிதறவில்லை. பழைய உறவு நிறுவனங்கள் ஒரு வங்கியை நடுவில் வைத்து மறுபடி கூடின. உன் பங்கில் கொஞ்சம் நான் வைத்துக்கொள்கிறேன், என் பங்கில் கொஞ்சம் நீ வைத்துக்கொள் என்பதுதான் ஏற்பாடு. ஒவ்வொருவரிடமும் இருப்பது சில சதவீதம்தான், ஆனால் எல்லாவற்றையும் கூட்டினால் வெளியாள் நுழைய இடமிருக்காது. தலைவர்கள் மாதாமாதம் கூடிப் பேசுவார்கள். மிட்சுபிஷிக்காரர்களின் சங்கத்துக்குப் பெயரே ‘வெள்ளிக்கிழமைச் சங்கம்’.

பூன் பிக்கென்ஸ் என்ற அமெரிக்கப் பணக்காரர் இதில் முட்டிக்கொண்டவர். டொயோட்டாவுக்கு ஹெட்லைட் செய்து கொடுக்கும் கொய்ட்டோ நிறுவனத்தில் 1989-இல் சுமார் 20 சதவீதப் பங்கு வாங்கினார். டொயோட்டாவிடம் இருந்ததைவிட அது அதிகம். அமெரிக்காவில் அப்படி ஒருவர் வந்தால் நாற்காலி போட்டு உட்கார வைப்பார்கள். கொய்ட்டோ இயக்குநர் குழுவில் அவருக்கு ஒரு இடம்கூடக் கிடைக்கவில்லை. 1991-இல் விட்டுவிட்டு ஊர் திரும்பினார்.

இதன் நல்ல பக்கத்தையும் சொல்லாமல் இருந்தால் கிரைட்டன் செய்ததையே நாமும் செய்ததாகும். 1997 பிப்ரவரி 1 அன்று ஜப்பானின் கரியா நகரில், டொயோட்டாவுக்கு உதிரிபாகம் செய்யும் ஐசின் நிறுவனத்தின் தொழிற்சாலை தீப்பிடித்தது. டொயோட்டா கார்களின் பிரேக்குக்கு வேண்டிய ஒரு சிறு வால்வு ஏறக்குறைய முழுவதும் அங்கேதான் தயாரானது, கையிருப்பும் சில மணி நேரத்துக்குத்தான். டொயோட்டாவின் ஆலைகள் நின்றன. உடனே சுற்றியிருந்த நிறுவனங்கள் ஐசினின் வரைபடங்களை வாங்கிக்கொண்டு போய்த் தத்தம் பட்டறைகளில் வால்வு செய்ய ஆரம்பித்தன. தையல் மெஷினுக்குப் பேர்போன பிரதர் நிறுவனமும் செய்தது. சில நாட்களில் கார்கள் மறுபடி வரத் தொடங்கின.

சரி, தமிழில்? பலரும் ‘குழுமம்’ என்று எழுதுகிறார்கள். எனக்கு ஒப்பவில்லை. டாடா குழுமம் என்றால் மேலே ஒரு தலைமை இருக்கிறது, அது ஸைபட்சுக்குத்தான் பக்கத்தில் வரும். ‘கூட்டமைப்பு’ என்றால் பதிவு செய்த சங்கம் போலத் தொனிக்கிறது. இழை என்ற பொருளைப் பிடித்துக்கொண்டு ‘கோவை’ என்று போடலாம். ஆனால் ‘கோவை நிறுவனங்கள்’ என்றதும் எல்லோரும் பீளமேட்டு மோட்டார் பம்பைத்தான் நினைப்பார்கள்.

என் ஓட்டு ‘பங்காளி நிறுவனங்கள்’ என்பதற்கு. ஒருவர் சொத்தில் ஒருவருக்குப் பங்கு, ஒரே வம்சம், மேலே தனித் தலைவன் கிடையாது, வெளியாளுக்கு இடம் தரமாட்டார்கள். எல்லாமே அந்த ஒரு சொல்லில் இருக்கிறது. பங்காளிச் சண்டை என்ற வாடை கூடவே வரும்தான், அதைப் பொறுத்துக்கொள்ளலாம். நாவலை மொழிபெயர்ப்பவருக்கும் இது உதவும். “அவனுங்க எல்லாம் பங்காளிங்க சார்” என்று ஒரு போலீஸ்காரர் சொன்னால் அடிக்குறிப்பு வேண்டாம்.

டொயோட்டா வகைக்கு மட்டும் இது சரிவராது. அங்கே ஒரு பெரிய கம்பெனி, அதற்கு உதிரிபாகம் கொடுப்பவர்கள், அவர்களுக்குக் கொடுப்பவர்கள் என்று படிப்படியாக இறங்குகிறது. அதை ‘வழங்குநர் வரிசை’ என்று தனியாகச் சொல்வதுதான் நல்லது. 1999-க்குப் பிறகு, நிஸான் கார் கம்பெனியைத் தூக்கி நிறுத்த வந்த நிர்வாகி கார்லோஸ் கோன், அது வைத்திருந்த பங்குகளை விற்றுக் கலைத்தது இந்த இரண்டாவது வகையைத்தான். முதல் வகையும் இன்று பழைய கெட்டியோடு இல்லை. 2001-இல் சுமிட்டோமோ வங்கியும் மிட்சுய் வழிவந்த சகுரா வங்கியும் ஒன்றாகிவிட்டன.