பிரசவ வலியில் கூடவே ஒருவர் இருந்தால் உடலில் என்ன நடக்கிறது?

பிரசவத்தில் கர்ப்பப்பையைச் சுருங்க வைக்கும் முக்கிய ஹார்மோன் ஆக்ஸிடோசின். பழக்கமில்லாத அறை, முன்பின் தெரியாத ஆட்கள், அடுத்து என்ன செய்வார்களோ என்ற கலக்கம் எல்லாம் சேர்ந்தால் அதன் வேலை தடைபடும். பயத்தில் உடல் அட்ரினலினைச் சுரக்கிறது. கர்ப்பப்பைத் தசையில் அட்ரினலினுக்கென்றே பீட்டா-2 என்ற ஏற்பிகள் (ஹார்மோன் வந்து ஒட்டிக்கொள்ளும் இடங்கள்) உண்டு. அவை தூண்டப்பட்டால் தசை தளரும், சுருக்கங்கள் வலுவிழக்கும். குறைமாதத்தில் வலி வந்துவிட்டால் அதைத் தள்ளிப்போடத் தரப்படும் டெர்பியூட்டலின் இதே ஏற்பிகளில்தான் வேலை செய்கிறது. அப்படியென்றால், மிரண்டுபோன தாயின் உடல் பிரசவத்தைத் தாமதப்படுத்தும் மருந்தைத் தானே சுரந்துகொண்டிருக்கிறது! பயத்தில் உடம்பும் விறைத்துக்கொள்வதால் வலி இன்னும் கூடுகிறது.

துணைக்கு இருப்பவர் நுழைவது இங்கேதான். வலி ஏறும்போது தோள்கள் தூக்கிக்கொள்ளும், பல் கடிபடும், மூச்சு நின்றுவிடும். பக்கத்திலேயே இருப்பவருக்கு அது உடனே தெரியும். உள்ளங்கையின் அடிப்பகுதியை இடுப்புக்குக் கீழே, முதுகெலும்பு முடியும் இடத்தில் வைத்து, வலி இறங்கும்வரை அழுத்திப் பிடிக்கலாம். "மெதுவா மூச்சை விடும்மா" என்று சொல்லிக்கொண்டே தானும் சேர்ந்து மூச்சு விடலாம். வலி விட்டதும் ஒரு வாய் தண்ணீர், பிறகு எழுந்து நடக்க ஒரு தோள். இந்த நடையும் சும்மா இல்லை: படுத்தே கிடப்பதைவிட நிமிர்ந்தும் நடந்தும் இருந்தால் பிரசவத்தின் முதல் கட்டம் சராசரியாக ஒரு மணி நேரத்துக்கு மேல் குறைகிறது.

17 நாடுகளில் 15,000க்கும் மேற்பட்ட பெண்களிடம் நடந்த ஆய்வுகளை, மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2017இல் தொகுத்துப் பார்த்தது. இடைவிடாத துணை கிடைத்தவர்களுக்கு சிசேரியன் வாய்ப்பு ஏறத்தாழ 25% குறைந்திருந்தது. பிரசவ நேரமும் சராசரியாக 40 நிமிடம் குறைவு. பிரசவத்தைக் கசப்போடு நினைப்பவர்களும் குறைவாகவே இருந்தார்கள்.

யார் துணை என்பதும் முக்கியம். அமெரிக்கா, கனடாவின் 13 மருத்துவமனைகளில் நர்ஸ்களையே தொடர் துணையாக வைத்து 2002இல் வெளியான பெரிய ஆய்வில் சிசேரியன் குறையவே இல்லை. மருத்துவமனை ஊழியராகவோ சொந்தக்காரராகவோ இல்லாமல், துணைக்கென்றே வரும் 'டூலா' போன்றவர்கள் இருந்தபோதுதான் அது தெளிவாகக் குறைந்தது. கணவரோ, அம்மாவோ, தோழியோ இருந்தபோது பெண்களின் மனநிறைவு கூடியது. அதுவே பெரிய விஷயம் என்பேன். முதுகை எங்கே அழுத்துவது, எப்போது பேசாமல் இருப்பது என்பதை அவர்கள் முன்கூட்டியே கற்றுக்கொண்டு வந்தால் இன்னும் நல்லது.

உலக சுகாதார நிறுவனம் 2018இல் வெளியிட்ட பரிந்துரைப்படி, துணையைத் தேர்ந்தெடுக்க வேண்டியவர் பிரசவிக்கும் பெண்தான். பதறுகிறவரும் அதட்டுகிறவரும் எவ்வளவு நெருங்கிய சொந்தமானாலும் அவளுடைய பயத்தைத்தான் கூட்டுவார்கள். யார் வேண்டும், யார் வேண்டாம் என்று அவளிடம் ஏழாம் எட்டாம் மாதத்திலேயே தனியாகக் கேளுங்கள். பிரசவ அறைக்குள் துணையை அனுமதிப்பார்களா என்று மருத்துவமனையிலும் அப்போதே விசாரித்துவிடுங்கள்.